நாற்பத்து மூன்றாவது சிலைடு

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம், தம்பி. என் மடியிலேயே இருக்கட்டும். உடைகிற சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் உயரத்திலிருந்து விழுகிற பொருள்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

திருச்சிக்கா? நல்லது. நான் டோல்கேட்டில் இறங்கிவிடுவேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். நீங்கள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிதானே? பையையும் சட்டைப் பையில் இருக்கிற மூன்று பேனாவையும் பார்த்தாலே தெரிகிறது. டாக்டர் அறை வாசலில் காத்திருந்து பழகியவர். நான் பேசினால் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் இப்படித்தான் பேசுவேன், எழுதி வைத்துப் படிப்பதுபோல. பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் எடுத்த பழக்கம். "குழம்புல உப்பு கம்மின்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு முன்னுரை?" என்று என் மனைவி கேட்பாள். முன்னுரை இல்லாமல் சொன்னால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள் அல்லவா? அதற்குத்தான். பெயர் சிவக்கொழுந்து. ரிட்டையர் ஆகி ஏழு வருஷம். இப்போது வானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன்.

சிரிக்கலாம், பரவாயில்லை. எல்லோரும் முதலில் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் எறையாங்குப்பம் என்று ஒரு ஊர். அங்கே யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. எழுபது வருஷம் அதில் கேழ்வரகு காயப்போட்டார்கள். பிறகு ஒரு வான்குதிப்புக் கழகம் வந்தது. சின்ன விமானம் ஒன்று, பாராசூட் பத்துப் பதினைந்து, வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள். விழுகிற பொருளின் வேகத்தை முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் போட்டுக்காட்டியவன் நான். விழுகிற பொருளை நேரில் பார்க்கப் போனேன். போனவனைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

எத்தனை தடவை குதித்திருக்கிறீர்கள் என்று அடுத்து கேட்பீர்கள். பத்தொன்பது. இருபதாவது தடவை கதவு வரைக்கும் போனேன். கதவு என்றால் கதவு கிடையாது, ஓட்டை. அன்று காற்று சரியில்லை. சரியில்லை என்று நான்தான் கணித்தேன். மற்ற நான்கு பேர் குதித்துவிட்டார்கள். அது அவர்கள் கணிப்பு. நான் விமானத்தோடு கீழே வந்தேன். அதற்கப்புறம் வகுப்பே எனக்குப் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. காற்று சரியில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கம் ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரைக்கும் ஓடுதளத்தில் தேங்கி நிற்கும். அதற்கு முன்னால் ஆடிக்காற்று. ஆகவே தை பிறந்துதான் குதிப்பு. ஆறேழு மாதம் சும்மா இருந்தவனை அப்படியே விமானத்தில் ஏற்ற முடியுமா? தையில் முதல் ஞாயிற்றுக்கிழமை புத்தாக்க வகுப்பு. அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாதவன் அந்த வருஷம் தரையிலேயே இருக்க வேண்டியதுதான். நோட்டு என்னிடம்.

தகரக் கொட்டகை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் ஐம்பத்தெட்டு சிலைடு. புளிசாதப் பொட்டலம். மத்தியானம் தொங்கல். தொங்கல் என்றால், ஹார்னஸ், அதாவது பாராசூட்டைத் தோளிலும் தொடையிலும் கட்டுகிற பட்டை, அதை மாட்டி ஆளை உத்தரத்திலிருந்து தொங்கவிடுவோம். பார்க்கக் கொஞ்சம் கறிக்கடை மாதிரி இருக்கும். தொங்கிக்கொண்டே ஆபத்து வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்.

ஆபத்து வேலை இரண்டே இரண்டுதான், தம்பி. முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். பெரியது சிக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றினால், முதலில் அதை அறுத்துவிட வேண்டும். அப்புறம் இரண்டாவதைத் திறக்க வேண்டும். அறுப்பதற்கு வலது மார்பில் சிவப்புக் கைப்பிடி. மெத்தென்று, சின்னத் தலையணை மாதிரி. ஒட்டுத்துணியில் ஒட்டியிருக்கும். டாக்டர் பிரஷர் பார்க்கிற பட்டை பர்ரென்று பிரிகிறதே, அதே துணி. திறப்பதற்கு இடது மார்பில் வெள்ளி நிறக் கம்பிப் பிடி. சிவப்பு, வெள்ளி. முடிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"இதைச் சொல்றதுக்கு எதுக்கு சார் அம்பத்தெட்டு சிலைடு?" என்று நவநீதன் கேட்பான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. புத்திசாலி. வகுப்பில் செல்போனைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான்.

"சார், ரெண்டு பாராசூட்டும் தொறக்கலைன்னா என்ன சார் பண்றது?" இதையும் வருஷா வருஷம் கேட்பான்.

"அடுத்த வருஷம் இந்த வகுப்புக்கு வரவேண்டியதில்லை" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷம்தான் முழுக் கொட்டகையும் விழித்திருக்கும்.

முதல் வருஷம் பயிற்சிக்கு மூன்று சிவப்புப் பிடி வைத்திருந்தோம். வெளிநாட்டுச் சாமான். ஒன்று தொலைந்தால் மாற்று வர நான்கு மாதம் ஆகும். அதற்குள் குதிப்புக் காலமே முடிந்துவிடும். இந்த நவநீதன் தொங்கிக்கொண்டே சிவப்பை இழுத்தான், வெடிகுண்டு வீசுகிறவன் மாதிரி வீசினான். அது சுவரைத் தாண்டி ஆட்டுப்பட்டியில் போய் விழுந்தது. தேடிப் போவதற்குள் ஒரு கிடா பாதியைத் தின்றுவிட்டது. பட்டிக்காரர் இரண்டு நாள் கழித்து வந்து, "ஐயா, என் கிடா சிவப்பு சிவப்பா போவுது, என்னத்தைப் போட்டீங்க?" என்று சண்டை பிடித்தார். இன்னொன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்று.

ஒரு பொறுப்பான மனிதன் என்ன செய்வான்? நான் விதி ஒன்று கொண்டுவந்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை. பலகையிலேயே எழுதி மாட்டினேன். சிவப்பை இழு, சிவப்பைத் திரும்ப ஒட்டு. அப்புறம்தான் வெள்ளி. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது. பரிசோதனைச் சாலையில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதுதான். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நிற்பேன். சிவப்பை இழுத்ததும் அழுத்துவேன். ஒட்டி, வெள்ளியையும் இழுத்ததும் நிறுத்துவேன். ஐந்து வருஷம், தம்பி. நூற்றைம்பது பேருக்கு மேல் தொங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு கைப்பிடி இன்றைக்கும் இருக்கிறது. இதோ, இந்தப் பையில்.

தர்மலிங்கத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், ஆயிரத்துச் சொச்சம் தடவை குதித்தவர். விமானத்தில் கூடப்போய்ப் பிள்ளைகளைக் குதிக்க வைப்பது அவர் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"சார், இழுத்ததும் வீசிடச் சொல்லுங்க" என்றார்.

"வீசினால் ஆடு தின்கிறதே?"

"தின்னட்டும் சார். கீழ என்ன பண்றானோ அதைத்தான் மேலயும் பண்ணுவான்."

இந்தப் பட்டாளத்துக்காரர்களிடம் கோட்பாடு கிடையாது, எல்லாம் பழக்கம்தான். நான் அவரை உட்கார வைத்து விளக்கினேன். கொட்டகையில் செய்வது ஒத்திகை, வானத்தில் செய்வது செயல், இரண்டையும் பிரித்தறியத்தான் மனிதனுக்கு மூளை. "சரி, உங்கள் திருப்திக்காக" என்று சொல்லி ஒரு சிலைடும் சேர்த்தேன். நாற்பத்து மூன்றாவது சிலைடு. 'வானில் சிவப்புப் பிடியை இழுத்தவுடன் வீசிவிடவும். திரும்ப ஒட்டவேண்டாம்.' கொட்டை எழுத்தில், அடிக்கோடு வேறு. தர்மலிங்கம் அதைப் பார்த்தார். "சரி சார்" என்றார். தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சிலைடு வரும்போது மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்கும். பொட்டலம் வந்து இறங்குகிற நேரம். எல்லோர் மூக்கும் புளிசாதத்தின் பக்கம் இருக்கும். அது என் குற்றமா?

ஆனால் ஜெசிந்தா எழுதிக்கொண்டாள்.

ஜெசிந்தா டீச்சரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நெய்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பத்து நாலு வயது. ஞாயிற்றுக்கிழமைகூடக் கழுத்தில் விசில் தொங்கும். என் வகுப்பில் ஐந்து வருஷமாக முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டு எழுதிய ஒரே ஆள். முதன்முதலில் குதிக்க வந்தபோது, உனக்கு எதற்கம்மா இந்த வம்பு என்று கேட்டேன்.

"தரையில நாள் பூரா நான்தான் விசில் ஊதி எல்லாரையும் கூப்புடுறேன் சார். அங்க மேல ரெண்டு நிமிஷம், என்னை யாரும் கூப்புட முடியாதில்ல?" என்றாள்.

அவள் உழைப்பைச் சொல்ல வேண்டும். பழைய ஸ்கூல் பேக் ஒன்றில் ஒட்டுத்துணி தைத்து, வீட்டிலேயே தினம் இருபது தடவை பயிற்சி செய்தாள். இழு, ஒட்டு, இழு, ஒட்டு. "எங்கம்மா பக்கத்து ரூம்லேந்து, என்னாடி அது, ராவும் பகலும் பர்ரு பர்ருங்குதுன்னு கத்துறாங்க சார்" என்பாள். இந்தத் தையில் என் வாட்சில் அவள் நேரம் மூன்று புள்ளி ஒன்பது விநாடி. சிவப்பு இழுத்து, ஒட்டி, வெள்ளியும் இழுத்து. கழகத்தில் வேறு யாரும் ஐந்துக்குக் கீழே வந்ததில்லை. நவநீதனுக்கு ஒன்பது. ஒட்டுகிற இடத்தில் தடவிக்கொண்டே இருப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தேன்.

மாசி இரண்டாம் ஞாயிறு. அவளுக்கு முப்பத்தெட்டாவது குதிப்பு. காலை பத்து மணி, நல்ல வெயில். உண்மையிலேயே நல்ல காற்று. நான் கீழே பைனாகுலரோடு நின்றேன். அன்று தர்மலிங்கமும் தரையில்தான், பக்கத்தில் நின்றார். நவநீதன் முதலில் குதித்தான். அடுத்து அவள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

பெரிய பாராசூட் விரிந்தது. பாதிதான் விரிந்தது. ஒரு பக்கம் கயிறு ஏறிக்கொண்டு, சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. அப்புறம் ராட்டினம் மாதிரி.

நான் வாக்கி டாக்கியை எடுத்துக் கத்தினேன். "சிவப்பு! சிவப்பு!" என்று. என் குரல் எனக்கே பக்கத்தில் கேட்டது. தர்மலிங்கத்தின் இடுப்பில் மாட்டியிருந்த இன்னொரு வாக்கி டாக்கியிலிருந்து வந்தது. புதிதாகக் குதிப்பவர்களுக்குத்தான் ஹெல்மெட்டில் ரேடியோ வைப்போம். இருபத்தைந்து குதிப்பு தாண்டியவர்களுக்குக் கிடையாது. அது எனக்குத் தெரியும். விதியை எழுதியவனே நான்தான். தெரிந்தும் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் இடுப்பு என்னைத் திருப்பிக் கத்திக்கொண்டே இருந்தது.

ஆயிரத்து எண்ணூறு அடியில் அவள் சிவப்பை இழுத்தாள். மிகச் சரியான உயரம், தம்பி. சிலைடு இருபத்தெட்டில் இருக்கிற உயரம். பெரியது பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. "அப்படிப் போடு!" என்றேன். என் கை பாட்டுக்கு ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது. இனி வெள்ளி. இடது கையால் ஒரே ஓர் இழுப்பு.

இழுக்கவில்லை.

பைனாகுலரில் பார்க்கிறேன். வலது கை மார்புக்குப் போகிறது. விலகுகிறது. மறுபடி மார்புக்குப் போகிறது. மறுபடி. மார்பில் எதையோ தொட்டுத் தொட்டு எடுக்கிற மாதிரி. சிலுவை போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பக்தியுள்ள குடும்பம். ஐயோ, இப்போதா ஜெபம் பண்ணுவது, வெள்ளியை இழும்மா, அப்புறம் நானே வந்து வேளாங்கண்ணிக்கு உன்னோடு நடக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் தர்மலிங்கத்தின் இடுப்பில்தான் கேட்டது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒட்டுறா... ஒட்டுறா..." என்று முனகினார். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கெல்லாம் அவகாசம் ஏது?

பையில் ஒரு குட்டி இயந்திரம் வைத்திருப்போம். எழுநூற்றைம்பது அடிக்குக் கீழேயும் ஆள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அதுவே இரண்டாவதைத் திறந்துவிடும். அது திறந்தது. எட்டு புள்ளி நாலு விநாடி. வாட்சில் இன்னும் அழிக்கவில்லை, காட்டட்டுமா? வேண்டாமா. சரி. அந்த இயந்திரம் என் ஐம்பத்தெட்டு சிலைடில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அதுதான் செய்தது.

திறந்தாலும் தாழ்வாகத் திறந்தது. இறங்குகிற இடத்தைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. கடைசியில் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அவள் ஒரு கையால்தான் இழுத்தாள். கரும்புத் தோட்டத்து வாய்க்கால் சிமெண்டில் போய் விழுந்தாள். இடுப்பு எலும்பும் இரண்டு காலும்.

நாங்கள் ஓடிப்போனபோது நினைவு இருந்தது. வலது கையை மூடிக்கொண்டிருந்தாள். தர்மலிங்கம் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளே சிவப்புப் பிடி.

"சார்... தொலைக்கல சார்" என்றாள் என்னைப் பார்த்து.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடுப்பு உடைந்து கிடக்கிற நேரத்திலும் என்ன ஒழுங்கு பாருங்கள்! மற்றவனாக இருந்தால் வீசியெறிந்திருப்பான். நான் பெருமையோடு தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை பேசவும் இல்லை. ஏற்கெனவே நாளைக்குப் பத்து வார்த்தைதான். இப்போது அதுவும் கிடையாது.

பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா வாசலிலேயே, "நீங்கதான் அந்தக் கைப்பிடி சாரா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த அம்மாள் திரும்பி உள்ளே போனார். நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை.

ஜெசிந்தா மருந்து மயக்கத்தில் இருந்தாள். "ஒட்டவே இல்ல சார். காத்துல ஒட்டவே மாட்டேங்குது சார். நானும் எத்தனை தடவ..." என்றாள். மயக்கத்தில் பேசுவதை எல்லாம் பொருட்படுத்தக்கூடாது. "தூங்கம்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். "சார், வீசணும்னு தெரியும் சார். நோட்ல எழுதிருக்கேன். நாப்பத்து மூணு" என்றாள்.

"தெரிந்திருந்துமா அம்மா?" என்றேன்.

"கைக்குத் தெரியல சார்."

அப்புறம் இன்னொன்று சொன்னாள். எதற்கு இந்தப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். தலைமைச் சங்கம் விசாரணை வைத்திருக்கிறது. திருச்சியில், டோல்கேட் பக்கத்தில், இன்று மூன்று மணிக்கு. நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு வைத்திருந்த ஹார்னஸையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவளைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே நான் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டேன். 'பயிலுநர் பதற்றமடைந்து பிரார்த்தனையில் ஈடுபட்டார்.' கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவளுக்கு அது தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ.

"சார், நான் ஜெபம் பண்ணல. பதறவும் இல்ல. அப்பிடி எழுதினீங்கன்னா இனிமே என்னை விமானத்துலயே ஏத்த மாட்டாங்க. பதறினவள்னு பேரு வந்தா வந்ததுதான். காலு ஒட்டிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு வருஷம் ஆவும், ரெண்டு வருஷம் ஆவும். நான் திரும்பக் குதிக்கணும் சார். உள்ளதை எழுதுங்க" என்றாள்.

நானும் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன், தம்பி. கண்ணால் பார்த்ததை. இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்ததை. கை மார்புக்குப் போயிற்று. அதைச் சிலுவை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

என்ன சொன்னீர்கள்?

இல்லை, இல்லை. திரும்ப ஒட்டப் பார்த்தாள் என்கிறீர்களா? நீங்களும் தர்மலிங்கம் மாதிரியே பேசுகிறீர்களே. அவர் தனியாக அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாராம். என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் கொண்டுவந்த விதிதான் காரணம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் கொட்டகையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவது? உப்புக்கு முன்னுரை சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்வதா?

அதைவிடுங்கள். தர்க்கமாகப் பார்ப்போம். உயிர் போகிற நேரத்தில் எவனாவது பொருளை எடுத்த இடத்தில் வைப்பானா? வீட்டில் தீப்பிடித்தால் செருப்பை வரிசையாக அடுக்கிவிட்டா ஓடுவோம்? புத்தியுள்ள மனிதன் வீசுவான். அதுவும் நாற்பத்து மூன்றாவது சிலைடைப் படித்த மனிதன் நிச்சயம் வீசுவான்.

செய்தே காட்டுகிறேன். நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். இதோ இந்தப் பட்டையை மாட்டிக்கொள்கிறேன். இந்த வயதில் பேருந்தில் இதை மாட்டிக்கொண்டால் என்ன? பின்சீட்டில் அந்தம்மா பார்க்கிறார், பார்க்கட்டும். இதுதான் சிவப்பு. ஆமாம், மெத்தென்று இருக்கிறது பாருங்கள். இது வெள்ளி. இப்போது நான் சிவப்பை இழுத்து உங்கள் மடியில் வீசுவேன். பிடித்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கடியில் போய்விட்டால் கிடைக்காது. பிறகு வெள்ளி. செல்போனில் விநாடி பாருங்கள். யோசித்துப் பார்த்தால் இது தேவையே இல்லை, விதியை எழுதியவனே நான்தான், எனக்குத் தெரியாதா எதை எங்கே செய்ய வேண்டும் என்று. சரி. நீங்கள் 'இப்போ' என்று சொல்லுங்கள்.

சொல்லுங்கள்.

ஆயிற்றா? எத்தனை?

நாலரையா. பரவாயில்லை, வயதுக்கு மோசமில்லை. அதைக் கொடுங்கள்.

உங்கள் மடியில்தானே வீசினேன்? கீழே பாருங்கள். காலடியில்?

ஏன் என் மார்பைப் பார்க்கிறீர்கள்?

...

பேருந்து குலுங்கியது. பள்ளம். அதனால்தான் கை... சரி, இன்னொரு தடவை. இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்தத் தடவை நன்றாகக் கவனத்தோடு. வீசுகிறேன். வீசுகிறேன். வீசத்தான் போகிறேன். ம், சொல்லுங்கள்.

...

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், தம்பி. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இழுக்கும்போது ஒரு பர்ரு. அப்புறம் ஒட்டும்போது ஒரு தட்டு, உள்ளங்கையால். அழுத்தி ஒட்டச் சொல்லி நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு தட்டு, அரைகுறையாக ஒட்டக்கூடாது என்று. பைனாகுலரில் பார்த்தால் மார்பைத் தொட்டுத் தொட்டு எடுக்கிற மாதிரிதான் இருக்கும். ஆமாம். அப்படித்தான் இருக்கும்.

பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்கே இரண்டு தடவை கை பாட்டுக்கு ஒட்டிவிட்டது. அவளுக்கு அடிக்கிற காற்று. துணியில் துணி படவே படாது. படாதது ஒட்டாது, ஒட்டாமல் முடியாது, ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. எட்டு புள்ளி நாலு.

ஐந்து வருஷத்தில் முழுசாகக் கேட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். நவநீதனுக்கு இது நடந்திருந்தால் வீசியிருப்பான். ஒன்றும் காதில் வாங்காதவன், நன்றாக இருப்பான்.

யாரது, கண்டக்டரா? "டோல்கேட்லாம் முன்னால வாங்க, வாங்க, பெரியவரே, என்ன இது கோலம், பெல்ட்டு, கில்ட்டு!" வருகிறேனப்பா, வருகிறேன். ஒரு கொக்கி மாட்டிக்கொண்டுவிட்டது. மாட்டிக்கொண்டே போகிறேன், அவர்களும் பார்க்கட்டும். கொண்டுவரத்தானே சொன்னார்கள்.

தம்பி, அந்தப் படிவத்தை மட்டும் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். மேலாகத்தான் இருக்கிறது. அதேதான். கட்டம் சின்னது, பார்த்தீர்களா? அடித்த வரி போக, ஓரத்தில் இரண்டு விரல் இடம் இருக்கிறது, உள்ளதை எழுத அது போதும். என் பேனா அடியில் எங்கோ கிடக்கிறது, இந்தப் பட்டையோடு குனிய முடியவில்லை. உங்களிடம் மூன்று இருக்கிறதே, ஒன்று கொடுங்கள்.

திருப்பித் தரமாட்டேன். இறங்கிவிடுவேன்.